ஊரில வயல், கொழும்பில காசு: இந்தப் போகத்துக்கு எந்தப் பசளை?

காலபோகம் கிட்ட வந்திட்டால் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கம் இருக்கிற எங்கட ஆக்களுக்கு ஊரில இருந்து வாற கோல் எல்லாம் ஒரே கதைதான். வயலைக் குத்தகைக்குச் செய்யிறவர் எடுத்து "அண்ணை, பசளைக்குக் காசு போட்டு விடுங்கோ" எண்டுவார், இங்க இருக்கிறவர் என்ன பசளை, எத்தினை மூட்டை எண்டு ஒண்டும் கேக்காமல் போட்டு விடுவார். இப்ப கொஞ்சக் காலமா கேள்வி மாறியிருக்கு. யூரியா காத்தைக் கெடுக்குது, காலநிலையைக் கெடுக்குது எண்டு பிள்ளையள் பள்ளிக்கூடத்தில படிச்சுக்கொண்டு வந்து கேக்குதுகள், அப்ப சேதனப் பசளைக்கு மாறச் சொல்லவோ, இல்லாட்டி வேம்பு பூசின யூரியா, நனோ போத்தல் எண்டெல்லாம் சொல்லுறாங்களே அதுக்குப் போகவோ எண்டு கன பேர் குழம்பிப் போய் நிக்கினம்.

என்ர முடிவை முதலே சொல்லிவிடுறன். பசளையின்ர பெயரை மாத்திறதை விட அது எப்ப, எவ்வளவு, எந்தத் தண்ணியில போகுது எண்டதை மாத்திறதுதான் காத்துக்கும் நல்லது, காசுக்கும் நல்லது. ஆனால் எல்லாக் காணிக்கும் இது ஒரே மாதிரிப் பொருந்தாது, அதாலதான் ஒவ்வொண்டா எழுதுறன்.

## போட்ட நைதரசன் எங்க போகுது

காத்தில 78 வீதம் நைதரசன்தான், ஆனால் அதைப் பயிர் நேரடியா எடுக்க ஏலாது. போன நூற்றாண்டுத் தொடக்கத்தில ஹேபர், பொஷ் எண்ட ரெண்டு ஜேர்மன்காரர் அதை அமோனியாவாக்கிற வழியைக் கண்டுபிடிச்சு ஃபக்டரி அளவுக்குக் கொண்டுவந்தினம், இண்டைக்கு உலகத்துச் சனத்தில கிட்டத்தட்ட அரைவாசிப் பேரின்ர சாப்பாடு அந்த வழியில வந்த நைதரசனிலதான் நிக்குது. அதால யூரியாவை நஞ்சு எண்டு திட்டுற ஆள் நான் இல்லை. பிரச்சினை என்னெண்டால் வயலில போடுற நைதரசனில நெல்லு எடுக்கிறது பெரும்பாலும் மூண்டில் ஒரு பங்குக்குக் கிட்டத்தான், கொஞ்சம் மண்ணில தங்கும், மிச்சம் மூண்டு வழியால வெளிய போகும்.

முதலாவது அமோனியா. யூரியா தண்ணியில கரைஞ்சு உடையேக்க அமோனியா வாயுவா எழும்பி, வாகனமும் நிலக்கரி ஆலையும் விடுற புகையோட சேந்து மிக நுண்ணிய தூசாகுது, நெஞ்சுக்குள்ள ஆழமாப் போறது அந்தத் தூசுதான். 2022 டிசம்பரில காத்து மோசமாகி, குளிரும் சேர, ஒரு நாள் பள்ளிக்கூடங்களை மூடினது கொழும்பில இருந்த எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் புகைமூட்டம் கூடுதலா வடகிழக்குக் காத்தோட இந்தியப் பக்கத்தால வந்தது. கங்கைச் சமவெளிக்கு மேல இருக்கிற காத்து உலகத்திலேயே அமோனியா கூடின இடங்களில ஒண்டு. ஆற்ர வயலில இருந்து எழும்பினாலும் காத்துக்குக் கஸ்டம்ஸ் இல்லை, எங்கட வயலில எழும்புறதும் எங்கயோ ஒரு ஊருக்குத்தான் போகுது.

ரெண்டாவது நைத்திரசு ஒட்சைட்டு. இது காலநிலைக்கு. நூறு வருசக் கணக்கில பாத்தால் ஒரு கிலோ, காபனீரொட்சைட்டில 273 கிலோவுக்குச் சமம், ஒருக்கா மேல போனால் நூறு வருசத்துக்குக் கிட்ட நிக்கும், ஓசோன் படையையும் தின்னும். மனுசர் வெளிவிடுற இந்த வாயுவில மூண்டில் ரெண்டு பங்குக்கு மேல விவசாயத்தில இருந்து வருது.

மூண்டாவது நைத்திரேற்று, கிணத்துக்குள்ள இறங்கிறது. இது காத்து இல்லைத்தான், ஆனால் வலிகாமத்தில காணி வச்சிருக்கிற ஆளுக்கு இதுதான் முதல் பிரச்சினை.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கோ. 50 கிலோ யூரியா மூட்டையில 46 வீதம், அதாவது 23 கிலோ நைதரசன். மேட்டு நிலத்தில அதில நூறில் ஒரு பங்கு நைத்திரசு ஒட்சைட்டாப் போகுது எண்டுதான் உலக அளவில கணக்கு வைக்கினம், அதைக் காபனீரொட்சைட்டா மாத்தினால் மூட்டைக்கு 100 கிலோவுக்குக் கிட்ட வரும், 40 லீற்றருக்கு மேல பெற்றோல் எரிச்ச அளவு. தண்ணி நிக்கிற வயலில இது மூண்டில் ஒரு பங்காக் குறையும், ஆனால் அங்க அமோனியா கூடப் போகும்.

## எதை வச்சுப் பாக்கிறன்

அஞ்சு விசயம். காத்துக்கு எவ்வளவு அமோனியா போகுது, காலநிலைக்கு எவ்வளவு நைத்திரசு ஒட்சைட்டு போகுது, கிணத்துத் தண்ணி, விளைச்சல் குறையாமல் நிக்குமோ, கடைசியா காசும் கூலியும். கடைசியில இருக்கிற கூலியைத்தான் கொழும்பில இருந்து யோசிக்கிற ஆக்கள் மறந்து போறது. பசளைக்குக் காசு குடுக்கிறது நீங்கள், வெயிலுக்க நிண்டு போடுறது வேற ஒரு ஆள்.

## இப்ப நடக்கிற மாதிரியே விட்டால்

விதைச்சுக் கொஞ்ச நாளில ஒரு தரம், பிறகு ஒரு தரம், கைக்கு வந்த நேரம், கைக்கு வந்த அளவு. மத்தியானம், தண்ணி கணுக்கால் அளவுக்கு நிக்கேக்க மேலால வீசி விடுறது. நிக்கிற தண்ணியில பாசி இருந்தால் வெயில் நேரத்தில அது தண்ணியின்ர காரத்தன்மையைக் கூட்டிவிடும், அந்த நேரம் விழுற யூரியா அமோனியாவாப் பறக்கிறதுக்கு அதை விட வசதி வேண்டாம். போட்ட நைதரசனில அரைவாசி வரைக்கும் இப்பிடிப் போகலாம்.

காசில இதுதான் மலிவு எண்டு நினைப்பம். மானியத்தில 50 கிலோ 350 ரூபாய்க்கு வந்த காலத்தில அப்பிடித்தான், வீணாப் போனால் என்ன எண்டு ரெண்டு கை கூட வீசிப் பழகினதும் அந்தக் காலத்திலதான். இண்டைய விலையில அரைவாசி பறந்தால் உங்கட காசில அரைவாசி பறக்குது. கூடப் போட்டால் நெல்லுச் சாயும், பூச்சி கூட வரும், அதுக்கு மருந்து வேற. இந்த முறை நல்லது எண்டு சொல்லக்கூடிய ஒரு இடமும் எனக்குத் தெரியேல்லை.

## அதே யூரியா, ஆனால் பிரிச்சு, இலையைப் பாத்து

என்ர வோட்டு இதுக்குத்தான். பெரிசா ஒண்டும் வாங்கத் தேவையில்லை. இலை நிற அட்டை எண்டு ஒரு பிளாஸ்ரிக் துண்டு, வெளிர் பச்சையில இருந்து கடும் பச்சை வரைக்கும் கட்டம் கட்டமா இருக்கும், இலையின்ர நரம்பு மாதிரியே வரியும் போட்டிருக்கும். வயலுக்க இறங்கி, காலமை வெயில் ஏற முன்னம், சூரியனுக்கு முதுகைக் காட்டி நிண்டு உங்கட நிழல் இலையில விழுற மாதிரிப் பிடிக்க வேணும். மேலால முழுசா விரிஞ்ச இலையின்ர நடுப்பக்கத்தை அட்டையில வச்சுப் பாக்கிறது, இலையைப் பிடுங்கக் கூடாது. அங்கொண்டு இங்கொண்டா பத்து இலை பாத்து, ஆறு அல்லது அதுக்கு மேல குறிச்ச கட்டத்தை விட வெளிறி இருந்தால் யூரியா போடலாம், இல்லாட்டி இப்போதைக்குத் தேவையில்லை. எந்தக் கட்டத்தைப் பாக்கிறது எண்டு உங்கட நெல்லினத்தையும் விதைப்பு முறையையும் சொல்லி விவசாயப் போதனாசிரியரிட்டக் கேளுங்கோ, கமநல சேவை நிலையத்தில ஆளைப் பிடிக்கலாம்.

இதோட சேர வேண்டிய ரெண்டு பழக்கம் இருக்கு. போட முன்னம் தண்ணியை வடிச்சு சேறா விட்டு, பசளையைப் போட்டு, பிறகு தண்ணி கட்டினால் யூரியா மண்ணுக்க இறங்கும். பெருமழை வரப்போகுது எண்டால் நிப்பாட்டி வைக்கிறது, ஏனெண்டால் காலபோகத்தில போட்ட அண்டைக்கே வாய்க்காலோட போறதும் கனக்க.

ஒளிஞ்சிருக்கிற செலவு என்னெண்டால் நேரம். ரெண்டு தரம் போட்டதை மூண்டு, நாலு தரமாப் பிரிச்சால் அவ்வளவு தரம் வயலுக்க இறங்க வேணும், கூலி பிடிச்சுச் செய்யிற ஆளுக்கு ஒவ்வொண்டும் ஒரு நாட்சம்பளம். வானம் பாத்த வயலிலயோ வாய்க்கால் கடைசி வயலிலயோ நினைச்ச நேரம் தண்ணியை வடிக்கவும் ஏலாது கட்டவும் ஏலாது, அங்க இதின்ர பலன் பாதிதான் கிடைக்கும். இரணைமடு மாதிரி குளத்துத் தண்ணி முறை போட்டு வாற இடத்தில வடிவாச் சரிவரும்.

## வேம்பு பூசின யூரியா

இந்தியாவில 2015 இல இருந்து விவசாயத்துக்கு வாற யூரியா எல்லாத்துக்கும் வேப்பெண்ணெய் பூச வேணும் எண்டு சட்டமாக்கிப் போட்டினம். வேம்பு என்ன செய்யுது எண்டால் யூரியா உடைஞ்சு வாற அமோனியத்தை மண்ணில இருக்கிற நுண்ணுயிர் நைத்திரேற்றா மாத்திறதைச் சுணக்குது, அதால கிணத்துக்குப் போறதும் நைத்திரசு ஒட்சைட்டும் குறையும். கவனிக்க வேண்டியது, அமோனியாவை இது தடுக்காது, அமோனியமாக் கன நேரம் நிக்கிறதால மேலாலயே கிடந்தால் அமோனியா கொஞ்சம் கூடவும் பாக்கும். யூரியா உடையிறதையே தடுக்கிற வேற பூச்சு இருக்கு, அமோனியாவுக்கு அதுதான் மருந்து. ஒண்டை அடைச்சால் மற்றதால வழியிறது இந்த விசயத்தில எப்பவும் இருக்கும்.

எங்கட பக்கம் இது எல்லாக் கடையிலயும் நம்பிக்கையாக் கிடைக்கிற சாமான் இல்லை, விலையும் கூட. கிடைச்சால் மேட்டு நிலத்துப் பயிருக்கு, மிளகாய், வெங்காயத்துக்கு வாங்கலாம், நெல்லு வயலுக்கு இதுக்காக அலைய வேண்டாம்.

## ஆழத்தில வைக்கிற குளிகை யூரியா

பங்களாதேசத்தில கன காலமாச் செய்யினம். யூரியாவை அமத்திச் சின்ன உருண்டையாக்கி, நாலு நெல்லு மூட்டுக்கு நடுவில ஒண்டு, சேத்துக்க 7 இல இருந்து 10 சென்ரிமீற்றர் ஆழத்தில ஒரே தரம் வைக்கிறது. சேத்துக்க காத்துப் போகாத இடத்தில இருக்கிறதால அமோனியா நல்லாக் குறையும், யூரியாவும் மூண்டில் ஒரு பங்கு மிச்சம் பிடிக்கலாம், விளைச்சல் கூடினதாயும் காட்டியிருக்கினம். காத்துக்கு நெல்லில இதை விட நல்ல முறை இல்லை எண்டுதான் சொல்லுவன்.

ஆனால் இது வரிசையா நாத்து நட்ட வயலுக்கு. எங்கட வயல்களில பெரும்பாலும் வீச்சு விதைப்புத்தான், அதில மூடு எங்க வரிசை எங்க, குனிஞ்சு உருண்டை வைக்க கூலிக்கு ஆக்கள் எங்க. மெசினில நாத்து நடுற வயல் வச்சிருந்தால் மட்டும் யோசியுங்கோ.

## கோழி எரு, மாட்டெரு, கூட்டெரு

இதிலதான் கூடுதல் குழப்பம், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன். சேதனம் எண்டால் காத்துக்குச் சுத்தம் எண்டு நினைக்கிறது சரியில்லை. கோழி எருக் குவியலுக்கு மேல போட்ட படங்கைத் தூக்கினால் கண்ணில தண்ணி வரும் பாருங்கோ, அந்த மணம்தான் அமோனியா, யூரியாவில இருந்து பறக்கிற அதே அமோனியா. லொறியில கொண்டந்து வேலிக்கரையில கொட்டி, மழை வெயில் பட கிடக்க விட்டு, பிறகு மண்ணுக்கு மேலால பரவி விட்டால் நைதரசனில பெரும் பங்கு பயிர் காண முன்னமே போயிடும். நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில கோழி எருவையும் அள்ளிக் கொட்டி, அதுக்கு மேல யூரியாவும் போடினம், அது ரெண்டு தரம் வீணாக்கிறது.

அளவையும் பாருங்கோ. ஒரு மூட்டை யூரியாவில இருக்கிற 23 கிலோவுக்கு, ரெண்டரை வீதம் நைதரசன் இருக்கிற கோழி எரு எண்டால் 920 கிலோ வேணும், ஒரு வீதக் கூட்டெரு எண்டால் 2,300 கிலோ. அதுவும் எல்லாம் அந்தப் போகத்துக்கே பயிருக்குக் கிடைக்காது. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பரவுற கூலி, லொறி குடிக்கிற டீசல், இதெல்லாம் சேத்துத்தான் விலை பாக்க வேணும். 2021 மே மாசம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாத் தடை செய்து, நவம்பரில திருப்பி எடுக்கேக்க, இந்தக் கணக்கை முதலே போட்டிருந்தால் எண்டு நினைச்சுக் கோவம்தான் வருது. அந்தக் காலபோக நெல்லு முந்தின வருசத்தை விட மூண்டில் ஒரு பங்குக்கு மேல குறைஞ்சது, வன்னியில நெல்லை நம்பின குடும்பங்கள் பட்ட பாடு இங்க கொழும்பில பாண் கியூவில நிண்ட எங்களுக்குப் பாதிதான் விளங்கும். அந்தத் தடைக்கு ஒண்டரை வருசம் முன்னம், 2019 ஒக்ரோபரில, இதே கொழும்பில கூடித்தான் நைதரசன் வீணாப் போறதை 2030 க்குள்ள பாதியாக்கிறது எண்டு கொழும்புப் பிரகடனம் செய்தவை. வீணாப் போறதைப் பாதியாக்கிறது எண்டுதான் அதில இருந்தது, பசளையைச் சைபராக்கிறது எண்டு இல்லை.

அதுக்காக எரு வேண்டாம் எண்டு சொல்லேல்லை. மண்ணுக்கு எரு வேணும், ஈரத்தைப் பிடிச்சு வைக்கிறதும் போட்ட யூரியாவைக் கழுவுப்படாமல் வச்சிருக்கிறதும் அதுதான். நல்லா மக்கின எருவை உழவுக்கு முன்னம் போட்டு அண்டைக்கே மண்ணுக்க மடக்கி, அதில இருக்கிற நைதரசனைக் கழிச்சு யூரியாவைக் குறைச்சால் சரி. வீட்டில மாடு இருக்கிற ஆளுக்கும், பக்கத்தில கோழிப் பண்ணை இருக்கிற ஆளுக்கும் இது நல்ல தெரிவு. நாப்பது மைல் தள்ளி இருந்து ஏத்திக்கொண்டு வாறது சரிவராது.

வெள்ளவத்தை பிளட் மொட்டைமாடியில பை வச்சு கத்தரி, தக்காளி செய்யிற ஆக்களுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம், குசினிக் கழிவுக் கூட்டெரு போதும். வாளி நாறினால் நைதரசன் வெளிய போகுது எண்டு அர்த்தம், காய்ஞ்ச சருகு இன்னும் போடுங்கோ.

## குழை, சணல், கிளிசிரிடியா

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் யூரியா வர முன்னமே செய்தது. பூவரசங் குழை வெட்டி மண்ணுக்க புதைக்கிறது, சணல் விதைச்சு பூக்கிற பருவத்தில மடக்கி உழுறது. சணல் அவரைக் குடும்பம், வேரில இருக்கிற முடிச்சுக்குள்ள நுண்ணுயிர் காத்து நைதரசனைப் பிடிச்சுக் குடுக்கும், நல்லா வளந்தால் ஒரு ஏக்கரில ஒரு மூட்டை யூரியாவுக்குக் குறையாத நைதரசன் வரும். ஃபக்டரியில எரிவாயு எரிக்கத் தேவையில்லை, கப்பல் தேவையில்லை. கிளிசிரிடியாவைத் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் எண்டு அரசாங்கமே அறிவிச்சிருக்கு, வேலியில நட்டால் வெட்ட வெட்டத் தளைக்கும்.

வலிகாமம் செம்மண் காணிக்கு இதைத்தான் முதல் சொல்லுவன். அங்க மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லு, மேல போட்டது எல்லாம் ஓட்டை வழியாக் கிணத்துக்குப் போகும், நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது எண்டு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுது, அந்த எல்லையைத் தாண்டின தோட்டக் கிணறுகள் அங்க கன காலமா இருக்கு. மலசலகூடக் குழியும் அதுக்கு ஒரு காரணம்தான், ஆனால் பசளையைக் குறைக்கிறது எங்கட கையில இருக்கு. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணி அது.

செலவு எங்க ஒளிஞ்சிருக்கு எண்டால் நிலத்தில. சணல் நிக்கிற ஒண்டரை, ரெண்டு மாசம் அந்தத் துண்டில வேற பயிர் வைக்க ஏலாது, குத்தகைக்காரருக்கு அது வருமானம் போற மாசம். மடக்கி உழுதாப் பிறகு வெறுமையா விட்டால் மழைக்கு அந்த நைதரசனும் கழுவுப்பட்டுப் போகும், நைத்திரசு ஒட்சைட்டும் வரும், அதால கெதியா அடுத்த பயிரை வைக்க வேணும்.

## நனோ போத்தல்

நனோ யூரியா எண்ட திரவப் பசளை, 2021 இல தட்டுப்பாட்டு நேரம் இந்தியாவில இருந்து விமானத்தில வந்த சாமான். அப்ப வந்த அரை லீற்றர் போத்தலில 4 வீதம் நைதரசன் இருந்தது, அதாவது 20 கிராம். ஒரு மூட்டைக்கு ஒரு போத்தல் எண்டு விளம்பரம். 23 கிலோவை 20 கிராமால பிரிச்சுப் பாருங்கோ, 1,150 போத்தல் வரும். இலைக்கு அடிக்கிறதால கொஞ்சம் பலன் இருக்கலாம், ஆனால் நெல்லுக்க இருக்கிற புரதத்துக்கு நைதரசன் எங்கயோ இருந்து வரத்தான் வேணும், மண்ணில இருந்து உறிஞ்சினால் அடுத்த போகத்தில மண் சத்தில்லாமல் நிக்கும். யூரியாவுக்குப் பதிலா இதுக்குக் காசு போடாதேங்கோ.

## ஒரே பார்வையில

| முறை | அமோனியா | நைத்திரசு ஒட்சைட்டு | கூலி | பொருந்துற இடம் |
|---|---|---|---|---|
| நிண்ட தண்ணியில வீசுற யூரியா | மிகக் கூட | நடுத்தரம் | குறைவு | ஒண்டும் இல்லை |
| பிரிச்சு, இலை பாத்து | குறைவு | குறைவு | நடுத்தரம் | குளத்துத் தண்ணி வயல் |
| வேம்பு பூசினது | குறையாது | குறைவு | குறைவு | மேட்டு நிலப் பயிர் |
| ஆழத்தில வைக்கிறது | மிகக் குறைவு | குறைவு | மிகக் கூட | வரிசையா நட்ட வயல் |
| எரு | மடக்கினால் குறைவு, பரவி விட்டால் கூட | நடுத்தரம் | கூட | மாடு, பண்ணை பக்கத்தில இருந்தால் |
| சணல், குழை | குறைவு | மடக்கின பிறகு கொஞ்சம் | நடுத்தரம் | செம்மண் தோட்டம் |

## கொழும்பில இருந்து என்ன செய்யலாம்

வன்னி, மட்டக்களப்பு, மன்னார்ப் பக்கம் நெல்லு வயல் எண்டால் இலையைப் பாத்துப் பிரிச்சுப் போடுற முறைக்குப் போங்கோ, மக்கின எரு கிட்டக் கிடைச்சால் அதையும் சேருங்கோ. வலிகாமத் தோட்டம் எண்டால் சணலும் குழையும் அடிப்படை, யூரியா கொஞ்சம் கொஞ்சமா, போட்டவுடன தண்ணி இறைச்சு, அதுவும் அளவா, ஏனெண்டால் கூட இறைச்சால் கிணத்துக்குத்தான் போகும். மலைநாட்டு மரக்கறி எண்டால் மண் பரிசோதனை செய்து பாத்து, கோழி எருவையும் யூரியாவையும் ஒண்டில் இருந்து ஒண்டைக் கழிச்சுப் போடச் சொல்லுங்கோ, அங்க பெரும்பாலும் இருக்கிறதைக் குறைச்சாலே காணும்.

காசு அனுப்புற முறையையும் மாத்துங்கோ. முழுக் காசையும் ஒரே தரம் அனுப்பினால் முழுப் பசளையும் ஒரே தரம் வீட்டுக்கு வரும், வீட்டுக்கு வந்தது வயலுக்குப் போகும். முதல் தரத்துக்குரியதை அனுப்பி, மிச்சத்தை இலையை அட்டையோட வச்சு வாட்சப்பில படம் போட்டாப் பிறகு அனுப்பலாம், தூர இருந்து செய்யிற எங்களுக்கு அந்த ஃபோட்டோ நல்ல உதவி. கூட இறங்கிற நாட்களுக்கான கூலியை நீங்கள் குடுக்க வேணும், அதைப் பசளையில மிஞ்சின காசில குடுக்கலாம்.

குத்தகை ஆளோட இதை முதலே கதைச்சு ஒத்துக்கொள்ளுங்கோ: புது முறையில முதல் போகம் நெல்லுக் குறைஞ்சால் குத்தகை நெல்லும் அந்த அளவுக்குக் குறையும் எண்டு. அந்தப் பயத்தை நீங்கள் உங்கட பக்கம் எடுக்காட்டி, அவர் உங்களுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு ஒரு மூட்டை கூட வாங்கி வீசத்தான் செய்வார், அவற்ர நிலையில நிண்டால் ஆரும் அப்பிடித்தான் செய்வினம். முழு வயலிலயும் செய்யப் பயமெண்டால் ஒரு வரம்புக்கு இந்தப் பக்கம் புது முறை, அந்தப் பக்கம் பழைய முறை எண்டு விட்டு, வெட்டேக்க ரெண்டையும் புறம்பாத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்கோ.